யூல்-வாக்கர் சமன்பாட்டில் இருக்கிற அந்த வாக்கர் யார்?

டி.எஸ்.பி. படித்தவர்களுக்கு யூல்-வாக்கர் சமன்பாடு ஞாபகம் இருக்கும். ஒரு சிக்னலோட பழைய மதிப்புகளை வைத்து அடுத்த மதிப்பைக் கணிக்க வேண்டும். அதற்கான கெழுக்களைக் கண்டுபிடிக்க ஒரு மேட்ரிக்ஸ், அந்த மேட்ரிக்ஸைச் சீக்கிரமாகத் தீர்க்க லெவின்சன்-டர்பின் முறை. எக்ஸாமுக்கு முந்தின நாள் ராத்திரி மனப்பாடம் பண்ணி, எழுதிவிட்டு, ஹாலை விட்டு வெளியே வந்ததும் மறந்துவிடுவோம். மேட்லாபில் இதற்கென்றே ஒரு ஃபங்ஷன் இருக்கு. அதோட பெயரில் யூல் மட்டும்தான் இருக்கார், வாக்கரைக் காணோம்.

யூல் ஒரு புள்ளியியல் அறிஞர். சரி, இந்த வாக்கர்? சிக்னல் பிராசஸிங் ஆள் என்றுதானே நினைப்பீங்க? இல்லை. அவர் இருபது வருஷம் நம்ம நாட்டில் வேலை பார்த்தவர், அதுவும் இந்திய வானிலைத் துறையின் தலைவராக. 1931-ல் அவர் அந்தச் சமன்பாட்டை எழுதியபோது கையில் இருந்த டேட்டா, ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகத்தில் பதிவான காற்றழுத்தம். எங்கேயோ இருக்கிற ஒரு துறைமுகத்தின் காற்றழுத்தத்தை அவர் ஏன் அப்படித் துருவினார் என்று கேட்டால், இந்தியாவில் மழை பெய்யுமா பெய்யாதா என்கிற கேள்வியில்தான் அந்தக் கதை ஆரம்பிக்குது.

நான் தாடிக்கொம்புக்காரன். சௌந்தரராஜப் பெருமாள் கோயிலைப் பார்க்க வந்திருப்பீங்க. பக்கத்திலேயே ஓடுகிற குடகனாற்றைப் பார்த்திருக்க மாட்டீங்க, ஏன்னா வருஷத்தில் பாதி நாள் அது ஆறு மாதிரியே இருக்காது. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை பெரும்பாலும் அந்தப் பக்கமே இறக்கி வைத்துவிடும். எங்கள் கிணறுகள் நம்பி இருப்பது ஐப்பசி, கார்த்திகை மழையைத்தான். அது பொய்த்தால் தோட்டத்தில் என்ன நடக்கும் என்று திண்டுக்கல் பக்கம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் மழையைக் கணக்குப் போட்டுப் பிடிக்கப் பார்த்த ஒரு மனுஷனோட வாழ்க்கை நமக்கு அந்நியம் இல்லை. இன்னொரு ஒட்டும் இருக்கு. மேற்கே தெரிகிற மலையில் இருக்கும் கொடைக்கானல் வானாய்வகம், அவர் பொறுப்பில் இருந்த இடங்களில் ஒன்று.

பூமராங் வாக்கர்

கில்பர்ட் தாமஸ் வாக்கர் 1868 ஜூன் 14 அன்று இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் பிறந்தார். அப்பா நகராட்சி இன்ஜினியர். குடிநீர்த் தேக்கங்களைக் கான்கிரீட்டில் கட்டிப் பார்த்த ஆரம்பகால ஆட்களில் ஒருவர். பையனுக்குக் கணக்கு நன்றாக வந்தது. கேம்பிரிட்ஜில் ட்ரினிட்டி காலேஜில் சேர்ந்து, 1889-ல் கணிதத் தேர்வில் முதலிடம் வாங்கினார். அந்தக் காலத்தில் அந்த இடத்துக்கு சீனியர் ராங்ளர் என்று பெயர். நாடு முழுக்கப் பேப்பரில் வரும் அளவுக்குப் பெரிய விஷயம்.

அதற்கு அடுத்த வருஷமே உடம்பு கவிழ்ந்தது. ஓயாமல் படித்ததன் விளைவு. மூன்று குளிர்காலங்களை சுவிட்சர்லாந்தில் ஓய்வில் கழித்தார். சும்மா இருக்க முடியாமல் பனிச்சறுக்கு கற்றுக்கொண்டு அதிலும் தேர்ந்தார். ட்ரினிட்டியில் ஃபெலோ, பிறகு லெக்சரர்.

அவர் ஆராய்ச்சி லிஸ்ட்டைப் பார்த்தால் நம்ம கைடு பயந்துபோவார். மின்காந்தவியல், சுழலும் பொருட்களின் இயக்கம், அப்புறம் பூமராங். காலேஜ் பின்னால் இருக்கும் புல்வெளியில் பூமராங் எறிந்து எறிந்து, அது ஏன் திரும்பி வருகிறது என்று கணக்குப் போட்டு, 1897-ல் ராயல் சொசைட்டியில் பேப்பரே போட்டார். நண்பர்கள் பூமராங் வாக்கர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். புல்லாங்குழல் மேலும் ஒரு பைத்தியம். பின்னாளில் அதன் வடிவமைப்பைக்கூடத் திருத்திப் பார்த்தார்.

இதில் ஒரு இடத்திலாவது மழை வருதா? வானிலை வருதா? வரலை. 1904-ல் முப்பத்தைந்து வயதில் இந்திய வானாய்வகங்களின் தலைமைப் பொறுப்பை ஏற்றபோது, அவருக்கு வானிலையியலில் எந்தப் பயிற்சியும் இல்லை. நம்ம பாஷையில் சொன்னால் அவர் வேறு டிபார்ட்மென்ட் ஆள். அப்படி ஒருவரை ஏன் கூப்பிட்டார்கள்?

தாது வருஷம் விட்டுப்போன கேள்வி

தாது வருஷப் பஞ்சம் என்று நம்ம ஊர்ப் பெரியவர்கள் பேசிக் கேட்டிருப்பீங்க. 1876-ல் ஆரம்பித்து 1878 வரை மெட்ராஸ் மாகாணத்தையும் தக்காணத்தையும் அழித்த பஞ்சம். ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். மழை பொய்த்தது பசியைக் கொண்டுவந்தது. அந்தப் பசி அத்தனை சாவாக மாறியதற்கு, அந்த நேரத்திலும் தானியத்தைக் கப்பலேற்ற விட்டு, நிவாரணத்தில் கஞ்சத்தனம் காட்டிய அரசாங்கம்தான் பெரிய காரணம். இதை விட்டுவிட்டு வானிலை வரலாறு பேசக் கூடாது.

இந்திய வானிலைத் துறை ஆரம்பித்தது 1875-ல். ஆரம்பித்த அடுத்த வருஷமே இந்தப் பஞ்சம். முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டிடம் அரசாங்கம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அடுத்த பருவமழை எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? அவர் இமயமலைப் பனியைப் பிடித்தார். குளிர்காலத்தில் பனி அதிகமாக விழுந்தால் அடுத்த பருவமழை குறைகிறது என்று கவனித்து, 1880-களில் முன்கணிப்புகள் கொடுத்தார். சில வருஷங்கள் சரியாக வந்தது.

அதே கேள்விதான் கொடைக்கானல் வானாய்வகத்தையும் கொண்டுவந்தது. சூரியனில் நடக்கும் மாற்றம்தான் மழையை ஆட்டிவைக்கிறதோ என்ற சந்தேகம் அன்றைக்குப் பலருக்கு இருந்தது. அப்படியானால் சூரியனைத் தினமும் பார்க்க ஒரு நல்ல மலை வேண்டும். மெட்ராஸ் வானாய்வகத்தின் வேலையும் கருவிகளும் பழனி மலைக்கு ஏறின. 1899 ஏப்ரல் 1-ல் கொடைக்கானல் வானாய்வகம் அதிகாரப்பூர்வமாகத் தொடங்கியது. லேக், கோக்கர்ஸ் வாக் பார்த்துவிட்டு இறங்கி வருகிற நாம், அந்த வெள்ளைக் கோபுரங்கள் பஞ்சத்துக்குப் பின்னால் எழுந்த கேள்விக்காகக் கட்டப்பட்டவை என்று நினைப்பதில்லை.

அந்த 1899-லேயே துறை பெரிய அடி வாங்கியது. பிளான்ஃபோர்டுக்குப் பின் வந்த ஜான் எலியட் நல்ல மழை வரும் என்று கணித்தார். வந்தது கடும் வறட்சி. மறுபடியும் பஞ்சம், மறுபடியும் லட்சக்கணக்கில் சாவு. அனுபவத்தையும் ஊகத்தையும் கலந்து பல பக்கங்களுக்கு எழுதின முன்கணிப்பு மேல் யாருக்கும் நம்பிக்கை இல்லை. அடுத்ததாக ஒரு வானிலை ஆளைத் தேடாமல், நல்ல கணக்குக்காரரைத் தேடினார்கள். வாக்கர் சிம்லாவுக்கு வந்து சேர்ந்தார்.

மழை எங்கே இருந்து வருது?

வந்ததும் வாக்கருக்கு ஒரு விஷயம் புரிந்தது. காற்று எப்படி ஓடும் என்பதற்கான சமன்பாடுகளை நேரடியாகத் தீர்த்து அடுத்த ஜூன் மாதத்தைக் கணிப்பது அந்தக் காலத்தில் நடக்காத காரியம். அதனால் வேறு வழியில் போனார். உலகத்தில் எங்கெங்கே வானிலைப் பதிவு இருக்கோ அதை எல்லாம் வாங்கு. எது ஏறும்போது நம்ம மழை ஏறுது, எது ஏறும்போது இறங்குது என்று கோரிலேஷன் போடு.

இன்றைக்கு இது பைத்தானில் ரெண்டு வரி. அன்றைக்குக் கம்ப்யூட்டர் என்பது ஒரு வேலையோட பெயர். சிம்லா அலுவலகத்தில் இந்தியக் குமாஸ்தாக்கள் வரிசையாக உட்கார்ந்து, பென்சிலும் பேப்பருமாகச் சராசரி எடுத்து, பெருக்கி, கூட்டி, வர்க்கமூலம் கண்டார்கள். ஒரு கோரிலேஷனுக்கு எத்தனை வருஷ டேட்டா, எத்தனை பெருக்கல் என்று நீங்களே யோசிச்சுப் பாருங்க. அப்படி நூற்றுக்கணக்கில் போட்டார்கள். பேப்பர் தலைப்புக்குக் கீழே இருப்பது வாக்கர் பெயர்தான். அந்தக் குமாஸ்தாக்களை இன்றைக்கு நாம் அறிய மாட்டோம்.

சில வருஷங்களில் ஒரு ஃபார்முலா வந்தது. அதில் நாலு விஷயங்கள்: மே மாதக் கடைசியில் இமயமலைப் பனி, மொரிஷியஸ் தீவின் காற்றழுத்தம், தென் அமெரிக்காவின் காற்றழுத்தம், ஆப்பிரிக்கக் கரையோரம் ஜான்சிபாரில் பெய்த மழை. நாலில் மூன்று இந்தியாவுக்கு வெளியே! நம்ம வயலில் விழப்போகிற மழையைப் பற்றி அர்ஜென்டினாவில் இருக்கிற ஒரு காற்றழுத்தமானிக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்பது அன்றைக்குச் சாதாரண யோசனை இல்லை. அந்த ஊர்க்காரர்கள் ஒழுங்காக அளந்து, பதிந்து, அனுப்பினால் மட்டுமே சிம்லாவில் கணக்கு நடக்கும். எந்த ஒரு நாடும் தனியாக உட்கார்ந்து இந்த வேலையைச் செய்ய முடியாது என்பது முதல் ஃபார்முலாவிலேயே எழுதியிருந்தது.

இங்கே இன்னொரு விஷயத்தையும் கவனிங்க. எம்.எல். புராஜெக்ட் பண்ணுகிற எல்லோருக்கும் இது வேண்டும். ஹாஸ்டல் மெஸ்ஸில் போன செமஸ்டர் முழுக்க என்னென்ன போட்டார்கள் என்று நூறு ஐட்டத்துக்கு லிஸ்ட் எடுத்து, ஒவ்வொன்றையும் உங்கள் கிளாஸ் அட்டென்டன்ஸோடு கோரிலேட் பண்ணுங்க. நூறில் ஏதாவது ஒன்று கண்டிப்பாகப் பொருந்தும். புதினா சட்னி போட்டால் அட்டென்டன்ஸ் ஏறுது என்று வரும். அது உண்மையா? நூறு தடவை தேடினோம், ஒன்று தற்செயலாக மாட்டியது, அவ்வளவுதான். 1914-லேயே வாக்கர் இதைப் பேப்பராக எழுதிவிட்டார். எத்தனை உறவுகளைத் தேடிப் பார்த்தோமோ அதற்கேற்ப நம்பிக்கைக்கான அளவுகோலையும் உயர்த்த வேண்டும் என்று. தன்னுடைய முறையில் எங்கே ஓட்டை விழும் என்பதைத் தானே முதலில் காட்டிக்கொடுத்தவர் அவர்.

சூரியப் புள்ளிகளையும் அதே தராசில் வைத்தார். கொடைக்கானல் மலை தன் பொறுப்பில் இருக்கிறது என்பதற்காக விட்டுக்கொடுக்கவில்லை. சூரியப் புள்ளிக்கும் மழைக்கும் உள்ள உறவு, முன்கணிப்புக்கு உதவாத அளவுக்குப் பலவீனமானது என்றே கணக்கு சொன்னது. அதனால் மலைமேல் நடந்த வேலை வீணாகிவிடவில்லை. 1909-ல் ஜான் எவர்ஷெட் அங்கேதான் சூரியப் புள்ளிகளுக்குள் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தார். எவர்ஷெட் விளைவு என்று இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் இருக்கு. மழையைத் தேடிப் போன மலையில் கிடைத்தது சூரிய இயற்பியல்.

வாக்கரோட பெரிய கண்டுபிடிப்பு 1920-களில் வந்தது. உலகம் முழுக்க வந்த எண்களை அடுக்கியபோது ஒரு உருவம் தெரிந்தது. பார்க்கில் இருக்கிற சீசா பலகையை நினைச்சுக்கோங்க. ஒரு முனை பசிபிக் கடலின் கிழக்கு, இன்னொரு முனை இந்தியப் பெருங்கடலும் ஆஸ்திரேலியாவும். அந்தப் பக்கம் காற்றழுத்தம் ஏறினால் இந்தப் பக்கம் இறங்குது. இந்தப் பக்கம் ஏறினால் அந்தப் பக்கம் இறங்குது. ஒருமுறை சாய்ந்தால் பல மாதங்கள் அப்படியே நிற்குது. இந்தியாவின் பருவமழையும் இந்தச் சீசாவோடு சேர்ந்தே ஆடுது. 1924-ல் இதற்கு சதர்ன் ஆசிலேஷன், அதாவது தெற்கத்திய அலைவு என்று பெயர் வைத்தார்.

மெட்ராஸில் ஒரு கடிதம்

நடுவில் 1913-க்கு ஒரு நடை போய்வருவோம். ஏன் என்று சீக்கிரமே புரியும்.

அந்த வருஷம் பிப்ரவரி கடைசியில் வாக்கர் மெட்ராஸ் வந்திருந்தார். துறைமுக டிரஸ்ட்டின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவரிடம் தன் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு கணக்குப் பிரிவு குமாஸ்தாவின் வேலையைக் காட்டினார். மாசம் முப்பது ரூபாய் சம்பளம். எஃப்.ஏ. தேர்வில்கூடப் பாஸாகாதவர். பெயர் சீனிவாச ராமானுஜன்.

வாக்கர் அப்போது துறைமுகத்துக்கு வந்துபோன ஒரு விருந்தாளி. பார்த்து வியந்துவிட்டு ரயில் ஏறியிருக்கலாம். அடுத்த நாளே, 26-ம் தேதி, மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் ரெஜிஸ்ட்ராருக்குக் கடிதம் எழுதினார். இந்தப் பையனோட வேலையின் தனித்தன்மை கேம்பிரிட்ஜ் ஃபெலோ ஒருவருடையதோடு ஒப்பிடத்தக்கது, இவர் பிழைப்புக் கவலை இல்லாமல் சில வருஷங்கள் கணக்கு மட்டும் பார்க்கப் பல்கலைக்கழகம் வழி செய்யணும் என்பது அதன் சாரம். ராமானுஜன் பண்ணுகிற தூய கணிதம் தன்னுடைய துறை இல்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார்.

பல்கலைக்கழகத்துக்கு விதி இடித்தது. அந்த உதவித்தொகைக்கு முதுகலைப் பட்டம் வேண்டும்; இவரிடம் பட்டமே இல்லை. கணிதப் பாடக்குழு கூடி, இன்ஜினியரிங் காலேஜ் பேராசிரியர் ஹனுமந்த ராவ் போன்றவர்களும் ஆதரிக்க, விதியைத் தாண்டிக் கொடுத்தார்கள். மாசம் 75 ரூபாய், ரெண்டு வருஷம், மே 1-லிருந்து. நிபந்தனை, மூன்று மாதத்துக்கு ஒரு ரிப்போர்ட். ராமானுஜன் ரெண்டு வருஷத்தை முடிக்கவில்லை. 1914 மார்ச் 17-ல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறிவிட்டார். ஹார்டியின் கடிதம் பற்றி நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். நடுவில் இருந்த அந்த ஒரு வருஷத்தைச் சாத்தியமாக்கிய கடிதங்களில் ஒன்று, ஒரு வானிலைத் துறைத் தலைவருடையது.

நம்ம பாஷையில் அதற்கு என்ன பெயர்? குறுகிய கால ஆராய்ச்சி உதவித்தொகை. ஷார்ட் டேர்ம் ஃபெலோஷிப்.

டேபிளில் இல்லாத ஒரு காலம்

1924-ல் வாக்கர் சர் பட்டத்தோடு இந்தியாவை விட்டுப் போனார். லண்டன் இம்பீரியல் காலேஜில் பத்து வருஷம் வானிலையியல் பேராசிரியர். அங்கே இருந்துதான் 1931-ல் டார்வின் துறைமுகக் காற்றழுத்தத்தை எடுத்துக்கொண்டார். சீசா ஆடுவதில் ஒரு நிலையான கால இடைவெளி இருக்கா, இல்லை முந்தின மதிப்புகளின் பாதிப்பே அடுத்ததில் தொடருதா? இந்தக் கேள்விக்குப் பதில் தேட, 1927-ல் யூல் ரெண்டு பழைய மதிப்புகளுக்குச் செய்திருந்ததை எத்தனை மதிப்புகளுக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற மாதிரி விரித்தார். நம்ம சிலபஸில் இருப்பது அதுதான். பேச்சைச் சுருக்கி அனுப்பும் லீனியர் பிரெடிக்‌ஷனில் வருவதும் அதே சமன்பாடுதான். கடல் காற்றுக்காக எழுதின கணக்கு, ஃபோனில் நாம் பேசுகிற பேச்சுக்குள் வந்து உட்கார்ந்திருக்கு.

ஆனால் மழை? அங்கே வாக்கர் ஜெயிக்கவில்லை என்றுதான் அவர் காலத்து ஆட்கள் நினைத்தார்கள். ஃபார்முலாவில் நன்றாக வேலை செய்த சில உறவுகள் பிந்தைய வருஷங்களில் பலவீனமாகிவிட்டன. ஏன் பசிபிக்கும் இந்தியாவும் ஒன்றாக ஆடுது என்பதற்கு இயற்பியல் காரணத்தை அவரால் சொல்ல முடியவில்லை. காரணம் இல்லாத கோரிலேஷனை யார் நம்புவார்? 1958 நவம்பர் 4 அன்று, தொண்ணூறு வயதில், இங்கிலாந்தில் இறந்தார். வானிலை உலகம் அவர் வேலையைக் கிட்டத்தட்ட ஓரமாக வைத்திருந்த நேரம் அது.

அவர் டேபிள்களில் என்ன இல்லாமல் போனது தெரியுமா? கடல். காற்றழுத்தம் இருந்தது, மழை இருந்தது, நிலத்தின் வெப்பநிலை இருந்தது. பரந்த பசிபிக்கின் நடுவே தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கு என்பதற்கு அவருக்குத் தேவையான மாதிரி தொடர்ச்சியான பதிவு கிடையாது. தீவுகளுக்கு நடுவில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு யாருமே அளக்காத தண்ணீர்.

அந்த இடத்தை நிரப்பின கதையும் ஒரு டிபார்ட்மென்ட் தாண்டின கதைதான். நார்வேக்காரரான யாக்கோப் பியர்க்னெஸ், கலிஃபோர்னியாவில் வானிலைப் பேராசிரியர். அவர் எல் நினோவுக்குள் வந்தது, டூனா மீன்வளத்துக்கான ஒரு சர்வதேசக் கமிஷனோடு சேர்ந்து வேலை பார்த்ததில். பெரு நாட்டு மீனவர்களுக்குச் சில வருஷங்கள் கடல் திடீரென்று சூடாகி மீன் இல்லாமல் போகும். அவர்கள்தான் எல் நினோ என்று பெயர் வைத்தவர்கள். 1957-58-ல் பெரிய எல் நினோ வந்தது. அதே சமயம் பல நாடுகள் சேர்ந்து நடத்திய சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டும் நடந்ததால், முன்பு எப்போதும் இல்லாத அளவுக்கு அளவீடுகள் கிடைத்தன. கடல் சூட்டையும் வாக்கரின் சீசாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் பியர்க்னெஸ். ரெண்டும் ஒன்று!

விஷயம் இதுதான். சாதாரண வருஷத்தில் கிழக்கிலிருந்து அடிக்கும் காற்று வெந்நீரை இந்தோனேசியா பக்கம் தள்ளிக் குவிக்கும். அங்கே காற்று சூடாகி மேலே ஏறும், மழை கொட்டும். ஏறின காற்று உயரத்தில் கிழக்கே போய் பெரு பக்கம் இறங்கும். ஒரு வட்டம். எல் நினோ வருஷத்தில் கீழே அடிக்கிற காற்று தளரும், வெந்நீர் கிழக்கே நகரும், மழை கொட்டும் இடமும் கூடவே நகரும். நம்ம பக்கம் காற்று ஏறுவது குறையும். தென்மேற்குப் பருவமழை அடிவாங்க வாய்ப்பு அதிகமாகும். 1969-ல் பியர்க்னெஸ் இந்த வட்டத்துக்கு வாக்கர் சுழற்சி என்று பெயர் வைத்தார். வாக்கர் இறந்து பதினொரு வருஷம் ஆகியிருந்தது.

நமக்கு இதில் என்ன?

முதலில் மழைக் கணக்கு. எல் நினோ என்றாலே வறட்சி என்று டிவியில் சொல்வார்கள். தமிழ்நாட்டுக்கு அது அப்படியே பொருந்தாது. தென்மேற்குப் பருவமழையைக் குறைக்கும் எல் நினோ, நம்ம வடகிழக்குப் பருவமழைக்குப் பல வருஷங்களில் சாதகமாகவே இருந்திருக்கு. 2015 பலமான எல் நினோ வருஷம். அந்த டிசம்பரில் சென்னைக்கு என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். எல் நினோ முடிந்த 2016-ல் வடகிழக்குப் பருவமழை மோசமாகப் பொய்த்து, அடுத்த வருஷம் திண்டுக்கல் பக்கம் குடிநீர் லாரிக்குப் பின்னால் குடங்கள் ஓடின. பசிபிக் மட்டுமே இதைத் தீர்மானிப்பதில்லை. இந்தியப் பெருங்கடல், வங்கக்கடல் எல்லாம் சேரும். தாடிக்கொம்பு அளவிலான ஒரு ஊருக்கு, கார்த்திகையில் எவ்வளவு பெய்யும் என்று ஆடியிலேயே நம்பிச் சொல்ல இன்னும் யாராலும் முடியவில்லை. வேலை மிச்சம் இருக்கு.

அந்த வேலை நம்மை மாதிரி ஆட்களுக்கானது. கடலில் மிதவை விட்டால் அதற்கு சென்சார் வேண்டும், பேட்டரி வேண்டும், சாட்டிலைட் வழியாகப் பேச வேண்டும், உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்காத உடம்பு வேண்டும். ஈ.சி.ஈ., ட்ரிபிள்ஈ, மெக்கானிக்கல், சி.எஸ்.ஈ. எல்லாருக்கும் அங்கே சீட் உண்டு. சென்னைப் பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், ஹைதராபாத்தில் கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ், புனேயில் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம். மூன்றுமே மத்திய அரசோட புவி அறிவியல் அமைச்சகத்துக்குக் கீழே இருப்பவை.

ப்ளேஸ்மென்ட் சீசனில் இதை எல்லாம் பேசினால் சிரிப்பார்கள் என்று தெரியும். வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்குப் போங்க என்று நான் சொல்லலை. வாழ்க்கையை எழுதிக்கொடுக்காமல் கொஞ்ச நாள் போய்ப் பார்த்துவிட்டு வரும் வழிகள் இருக்கு. ரெண்டாவது, மூணாவது வருஷம் படிக்கிறவங்களுக்கு, இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஃபெலோஷிப் இருக்கு. தேர்வானால் ரெண்டு மாசம் ஒரு விஞ்ஞானியோடு வேலை பார்க்கலாம், உதவித்தொகையும் உண்டு. மேற்படிப்புக்குப் போகிறவங்களுக்கு, கடல் ஆய்வு நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான போகோவும், 1957-ல் இருந்து இயங்கும் ஸ்கார் என்ற கடல் ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து கொடுக்கும் விசிட்டிங் ஃபெலோஷிப் இருக்கு. வளரும் நாடுகளின் இளம் ஆய்வாளர்கள் ஒரு மாசத்தில் இருந்து மூன்று மாசம் வரை வேறு நாட்டு ஆய்வகத்தில் போய்க் கற்றுக்கொண்டு, தன் ஊரில் வந்து அதைச் செய்வதற்கானது. அந்தந்த வருஷ அறிவிப்பில் தகுதியும் கடைசித் தேதியும் பார்த்துக்கோங்க.

மூன்று மாசத்தில் என்ன கிழித்துவிட முடியும் என்று தோணும். மெட்ராஸ் துறைமுகத்தில் வாக்கர் இருந்தது எத்தனை நாள்? அவர் வானிலைத் துறைக்கு வந்தபோது அவருக்கு வானிலை எவ்வளவு தெரியும்? தன் பெஞ்சை விட்டு எழுந்து அடுத்தவர் டேபிளைப் போய்ப் பார்த்ததில்தான் இந்தக் கதையின் எல்லாத் திருப்பமும் நடந்திருக்கு. எழுந்து போகாத இடம்தான் கடல். அங்கேதான் விடை இருந்தது.

ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கும்போது நீங்க என்ன பண்ணியிருக்கீங்க என்று கேட்பார்கள். இந்த வார இறுதியிலேயே ஒன்று ஆரம்பிக்கலாம். வாக்கரின் சீசா எந்தப் பக்கம் சாய்ந்திருக்கு என்பதை இப்போது டஹிட்டி தீவுக்கும் டார்வினுக்கும் உள்ள காற்றழுத்த வித்தியாசத்தை வைத்து அளக்கிறார்கள். ஆஸ்திரேலிய வானிலைத் துறையின் தளத்தில் அந்த எண் மாசவாரியாக இலவசமாகக் கிடைக்கும். டவுன்லோடு பண்ணுங்க. யூல்-வாக்கரைப் போடுங்க. எத்தனை மாசத்துக்கு முன்னால் வரை கணிப்பு தாங்குது, எங்கே உடையுது என்று பாருங்க. அந்த டேட்டா 1876-ல் ஆரம்பிக்குது. கோடு எழுதுவதற்கு முன்னால் இரண்டாவது வரிசையை, 1877-ஐ, ஒரு தடவை கண்ணால் பாருங்க. பெரிய பெரிய மைனஸ் எண்கள் இருக்கும். தாது வருஷப் பஞ்சத்தின் உச்சம் அதுதான்.